பன்சித் தின்ற பதினோரு பேர்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு யாரும் வந்து, "ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கக் கூடாது.

என் கணவர் ரேயுக்குப் பித்தப்பையில் கல். இலோய்லோ நகரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில்* அறுவைப் பிரிவு, ஒன்பதாவது கட்டில். மூன்று நாள் என்றார்கள், மூன்று வாரம் ஆனது. இந்த ஊரில் நோயாளிக்குத் துணையிருப்பவரின் முதல் வேலை ஓடுவது. மருந்துக்கு ஓட வேண்டும், மாத்திரைச் சீட்டுக்கு ஓட வேண்டும், ரிப்போர்ட்டுக்கு ஓட வேண்டும். அப்படி ஒரு காலை, கிருமிப் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலுக்கு ஓடிப்போய் நின்றேன். உள்ளே ஒரு பெண் புகைப்படமொன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பின்னணி. அதில் வரிசை வரிசையாக வெள்ளைக் கோடுகள், ஈரக் கூந்தலில் சீப்பு போட்டதுபோல.

"இது என்னது?" என்றேன், ரிப்போர்ட்டை மறந்து.

"கிருமியோட முகம், மானாங்" என்றாள். மானாங் என்றால் அக்கா. நாற்பதைத் தாண்டிய எல்லாப் பெண்களும் இங்கே எல்லாருக்கும் மானாங். "ஆறு பேர் உடம்புலேர்ந்து எடுத்தது. பச்சக்குழந்தைங்க வார்டுல நாலு, உங்க அறுவை வார்டுல ஒண்ணு, டயாலிசிஸ்ல ஒண்ணு. பாருங்க, ஆறும் அச்சடிச்சாப்ல ஒரே முகம்!"

தன் வீட்டுக் கல்யாணப் படத்தைக் காட்டுகிறவள்போல அவ்வளவு பெருமை. உடனே முகம் விழுந்துவிட்டது.

"சந்தோஷப்படறேன் பாருங்க. ஆறு பேரு படுத்துக் கிடக்காங்க."

அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒரு நொடிகூட இல்லை. அந்த நொடிக்காகத்தான் அவளை எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவள் பெயர் நெனித்தா ஃபாலான்.

* எந்த ஆஸ்பத்திரி என்று சொல்வதாக இல்லை. இந்த ஊரில் எல்லா ஆஸ்பத்திரியும் தன்னைப் பெரிய ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. தேடிப் பயனில்லை.

2

தொடக்கங்கள்:

"கிருமிகளுக்கு எல்லை கிடையாது, ஆனால்" [இதை விட்டுவிட்டேன். என் வாக்கியத்தில் சீக்கிரமே ஓர் 'ஆனால்' வந்தால் நான் பிரசங்கத்துக்குத் துண்டு போடுகிறேன் என்று அர்த்தம்.]

"எந்த மருந்துக்கும் அசையாத அந்தக் கிருமி, பிறந்து ஆறே நாளான குழந்தையின்" [இதையும் அடித்துவிட்டேன். குழந்தையைக் காட்டி வாசகரை மிரட்டுவது சுலபம். ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. ஆகவே ஒரே தடவை: நான்கு குழந்தைகளில் மூன்று தேறிவிட்டன. நான்காவது இன்னும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பூட்டி வைத்திருக்கும் கடைசி மருந்தையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை வைத்து இனி விளையாட மாட்டேன்.]

"நெனித்தாவுக்கு நாற்பத்தேழு வயது முடிந்த அன்று, பன்சித் தின்பதா வேண்டாமா என்ற சிக்கல் வந்தது."

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இதிலிருந்து போகலாம்.

3

நெனித்தாவுக்கு நாற்பத்தேழு வயது முடிந்த அன்று, பன்சித் தின்பதா வேண்டாமா என்ற சிக்கல் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் எழுதி ஒட்டாத சட்டங்கள் இரண்டு உண்டு. பிறந்தநாள் என்றால் பன்சித் தின்றே ஆக வேண்டும். இறாலும் காயும் போட்டுப் புரட்டிய அந்த நீள நூடுல்ஸை அறுபடாமல் உறிஞ்சினால் ஆயுளும் அதே நீளம். இது முதல் சட்டம். வேலை நேரத்தில் பன்சித்தைத் தொடவே கூடாது. தொட்டால் அன்று வரும் நோயாளிகளின் வரிசையும் அதே நீளம். இது இரண்டாவது. இரண்டையும் நம்புகிறவர்கள் ஒரே ஆட்கள்தான். டாக்டர்களும் அதில் சேர்த்தி.

"நான் நம்பறதில்ல மானாங்" என்று நெனித்தா என்னிடம் சொன்னாள். "கிருமியைப் படிச்சவ நான். ஆனா போன வருஷம் டியூட்டியில ஒரு வாய் தின்னேன். ஒரே நாள்ல பரிசோதனைக்கு முப்பத்தெட்டு ரத்த சாம்பிள் வந்துச்சு. நம்பிக்கைங்கறது வேற, அனுபவம்ங்கறது வேற இல்லையா?"

இரண்டு சட்டமும் மோதினால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். டயாலிசிஸ் பிரிவுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. முன்பு அங்கேதான் கருவிகளை ஆவியில் வேகவைத்தார்கள். கொதிகலன் போய்விட்டது, அறை மட்டும் மிச்சம். பூட்டி வைக்கச் சொல்லிப் போன வருடமே உத்தரவு வந்தாயிற்று. சாவி நெனித்தாவிடம். அந்த அறை எந்தப் பிரிவுக்கும் சேராது. அங்கே கட்டில் கிடையாது, நோயாளி கிடையாது. ஆகவே அங்கே பன்சித் தின்றால் எந்த வரிசையும் நீளாது. வாரத்துக்கு ஒருவருக்காவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. குழந்தைகள் பிரிவு, அறுவைப் பிரிவு, டயாலிசிஸ், பரிசோதனைக் கூடம் என்று நான்கு பக்கத்து ஆட்களும் கூடுகிற ஒரே இடம் அது. மூலையில் ஓர் எவர்சில்வர் கைகழுவும் தொட்டி. தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் அல்லவா, எல்லாரும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தட்டைத் தொடுவார்கள்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, மத்தியானம் பன்னிரண்டரை. பெரிய அலுமினியத் தட்டில் பன்சித். பதினோரு பேர் தின்றார்கள். தின்னாதவள் ஒருத்திதான்: கெர்லி ஒலிவாரெஸ், குழந்தைகள் பிரிவு நர்ஸ், இருபத்தாறு வயது.

"ஏண்டி, ஒரு வாய் தின்னா செத்தா போயிடுவே?" என்றாள் நெனித்தா.

"நான் சாக மாட்டேன் மானாங். சாயங்காலம் வரைக்கும் எனக்கு டியூட்டி. கண்ணாடிப் பெட்டி ரெண்டுதான் காலி. நான் தின்னு, நாலு குழந்தை வந்துச்சுன்னா எங்க வெக்கறது? உங்க மடியிலயா?"

"அதான் இது டியூட்டி இடமில்லையே!"

"அந்த வரிசைக்கு அது தெரியணுமே."

"பாருங்க டாக்டர். அடுத்த மாசம் பத்தொம்பதாம் தேதி ஜெர்மனிக்கு வேலைக்குப் பறக்கப் போறவ, என் ஆயுசுக்காக ஒரு நூல் உறிஞ்ச மாட்டேங்கறா."

டாக்டர் தாலெயோன், தொற்றுத் தடுப்புக் குழுவின் தலைவர், "எனக்குப் பசியே இல்ல நென், சும்மா ருசி பாக்கறேன்" என்றபடி இரண்டாவது தட்டை முடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, தின்னாதவதான் தட்டு கழுவணும்" என்றாள் நெனித்தா. "போடி."

எல்லாரும் சிரித்தார்கள். கெர்லியும் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள்.

அன்று மத்தியானமே மூன்று பிரிவிலும் முப்பத்தோரு ஊழியர்களின் கையில் பஞ்சு ஒற்றி எடுக்கும்படி குழுவின் உத்தரவு. எடுத்தவள் நெனித்தா. எடுக்கிறவள் என்பதால் அவள் கை பட்டியலில் இல்லை. தலைவர் என்பதால் டாக்டர் கையும் இல்லை.

"கை ஈரமா இருக்கு மானாங்" என்றாள் கெர்லி. "இப்பத்தான் உங்க தட்டைக் கழுவினேன்."

"பரவால்ல, காட்டு. எனக்கு இன்னும் பதினேழு பேர் இருக்காங்க."

பதினான்காம் எண்.

4

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு தப்பான ஆளைப் பிடிக்கிறார்கள்.

நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்து, அதன் மரபணு இழையை ஒருவகை ரசாயனக் கத்தரிக்கோலால் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நறுக்குகிறார்கள். துண்டுகளை ஒரு கூழ்ப்பலகையில் இட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். தள்ளுபடி நாளில் துணிக்கடைக் கதவு திறந்ததும் ஒல்லியானவர்கள் முன்னால் நுழைந்துவிடுவதுபோல, சின்னத் துண்டுகள் முன்னே ஓடிவிடும். பெரியவை பின்னே தங்கும். நின்ற இடமெல்லாம் ஒரு கோடு; ஒருவரின் கோடுகளெல்லாம் சேர்ந்து படத்தில் ஒரு பத்தி. இரண்டு பேரின் கிருமியிலும் கோடுகள் ஒரே இடங்களில் நின்றால், இரண்டும் ஒரே குடும்பம்.

அவ்வளவுதான். 'ஒன்று' என்று சொல்லும் அந்தப் படம், 'யாரிடமிருந்து யாருக்கு' என்று சொல்லாது. அதில் அம்புக்குறி கிடையாது.

முப்பத்தோரு கைகளில் ஒரே ஒரு கையில் அந்தக் கிருமி முளைத்தது. கோடுகள் ஆறு நோயாளிகளோடும் பொருந்தின. (இதற்குள் நோயாளிகள் ஏழு ஆகிவிட்டார்கள். ஏழாமவர் அறுவைப் பிரிவின் எட்டாவது கட்டில், ஒரு முதியவர். ஒன்றாம் தேதி காய்ச்சல் கண்டது. ஏழாவது பத்தியும் அதே முகம்.)

குழுவுக்குத் தர வேண்டிய படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'யாரிடமிருந்து'. ஒரே ஒரு எண் எழுதுகிற அளவுக்குத்தான் இடம். அந்தப் படிவத்தைத் தயாரித்தவர் கதை எழுதியிருந்தால் நன்றாக விற்றிருக்கும்.

நெனித்தா அதை இரண்டு நாள் மேசைக்குள் வைத்திருந்தாள். இரண்டாம் நாள் கெர்லி ஜன்னலுக்கு வந்தாள்.

"மானாங், பெட்டி வாங்கிட்டேன். இருபத்திமூணு கிலோதானாம். காய்ஞ்ச மீன் எவ்ளோ வெக்கலாம்?"

"ஜெர்மனிக்காரன் விமானத்தைத் திருப்பி அனுப்பாத அளவுக்கு."

கெர்லி சிரித்தாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெர்மனி ஆஸ்பத்திரி கேட்ட சான்றிதழ்ல டாக்டர் இன்னும் கையெழுத்து போடலை."

"போடுவார்."

"பதினாலு நான்தானே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ரெண்டு நாளா எல்லாரும் என்கிட்ட ரொம்ப அன்பா பேசறாங்க."

இந்த ஊரை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். திட்டினால்கூடத் தாலாட்டுப்போலக் கேட்கும் பாஷை இவர்களுடையது. அது வழக்கத்தைவிட ஒரு படி இனித்தால் யாரோ எதையோ மறைக்கிறார்கள்.

"ஜெர்மனி போனா போகட்டும் மானாங்" என்றாள் கெர்லி. "அந்தக் குழந்தைங்களுக்குப் பால் ஊட்டினதே நான்தானே. என்னாலயா?"

நெனித்தா 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். முதல் படியில் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். கண்ணீர், தோளில் தட்டல், எல்லாம் இருந்தது. அடித்துவிட்டேன். அவள் உண்மையில் சொன்னது:

"தெரியலடி."

கெர்லி தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். நெனித்தா படிவத்தை எடுத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ 'தெரியவில்லை'களைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறாள். ஒன்றுக்கும் முகம் இருந்ததில்லை.

5

[இந்தக் காட்சியில் பாதி நெனித்தா தொலைபேசியில் சொன்னது. மீதி என்னுடையது. எது எதுவென்று கேட்டால் எனக்கே இப்போது பிரிக்கத் தெரியவில்லை.]

ஆறாம் தேதி, காலை பத்து மணி, குழுக் கூட்டம்.

"பதினாலுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுடு நென்" என்றார் டாக்டர் தாலெயோன், பாட்டுப் பாடுவதுபோல. "மேலேர்ந்து கேட்டுட்டே இருக்காங்க. ஒரே கோடுதானே?"

"ஒரே கோடுதான் டாக்டர். உங்க பேரு தாலெயோன். 'த'வுல தொடங்குது. அப்ப உங்க தாத்தா திக்பாவான்காரர்."

"ஆமா. அதுக்கென்ன?"

"நான் ஃபாலான். கேட்டவுடனே மியாகாவ்னு சொல்லிடுவீங்க. கெர்லி ஒலிவாரெஸ், ஓதோன்காரி."

[ஸ்பானியர் காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு எழுத்து வாரியாகக் குடும்பப் பெயர்களைப் பங்கு வைத்துவிட்டுப் போனார்கள். பெயரைச் சொன்னால் ஊர் வந்துவிடும்.]

"தெருவுல ரெண்டு ஒலிவாரெஸ் வந்தா ஒரே ஊருன்னு சொல்லலாம். அதுல யாரு யாரைப் பெத்தான்னு பேரை வெச்சு சொல்வீங்களா?"

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"இதைப் படிச்சதே போதும்னு இருக்கு." நெனித்தா ஒரு சாவியை மேசைமேல் வைத்தாள். அறையில் இருந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு அது எந்தச் சாவி என்று தெரியும். ஐந்து பேரும் கூரையைப் பார்த்தார்கள். "அன்னைக்கு அவ கை ஈரமா இருந்துச்சு டாக்டர். என் பன்சித் தட்டை அந்தப் பழைய அறைத் தொட்டியில கழுவிட்டு நேரா வந்தா. கழுவச் சொன்னது நான். ஈரக்கையில பஞ்சு ஒத்தினதும் நான்தான். அறையைப் பூட்டி வைக்காததும் நான்தான். இது அந்தத் தொட்டி ஓட்டையில எடுத்தது."

புகைப்படத்தைத் தள்ளினாள். ஏழு நோயாளிகளுக்குப் பக்கத்தில் எட்டாவது பத்தி. அதே முகம்.

டாக்டர் படத்தைக் கையில் எடுத்தார். கெட்டவர் இல்லை அவர். [முதலில் அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை வேகமாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்து விட்டுவிட்டேன்.]

"அப்ப அவ கையிலேர்ந்து தொட்டிக்குப் போயிருக்கலாமே, நென்? யாரு யாரைப் பெத்தான்னு நீதானே இப்பக் கேட்டே?"

நெனித்தாவின் வாதமே திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டது. அவளிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பை மட்டும்தான். அதிலிருந்து மூடி போட்ட சின்ன டப்பாக்களை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"இது எதுக்கு?"

"கையில ஒட்டினது அன்னைக்கே போயிருக்கும். வயித்துக்குள்ள போனது மாசக்கணக்குல குடியிருக்கும். அன்னைக்கு அங்க கை கழுவிட்டுப் பன்சித் தின்ன எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு. காலையில போவீங்கல்ல, அதுல கொஞ்சம்..."

"நென்!"

"என்னோடது ஏற்கனவே குடுத்தாச்சு. டாக்டர், நீங்க ரெண்டு தட்டு. பெரிய டப்பா வேணுமா?"

அந்தக் கூட்டத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனதாம்.

பத்து டப்பாக்கள் வந்து சேர்ந்தன. நான்கில் அதே கோடுகள். ஒன்று நெனித்தாவுடையது. ஒன்று, படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்த டாக்டர் தாலெயோனுடையது.

பன்னிரண்டாம் தேதி, அதாவது நேற்று, அவர் சொன்னது: "நாம பத்து பேருமே ஆஸ்பத்திரி ஆளுங்க. நோயாளியைத் தொடறோம், இல்லன்னா நோயாளியோட கிருமியைத் தொடறோம். நமக்கு எங்கேர்ந்து வேணா வந்திருக்கலாம். இங்க வேலையே செய்யாத ஒருத்தர் வயித்துல இது இருந்தா, அந்த அறைதான்னு நானே எழுதறேன். அந்தப் பொண்ணு சான்றிதழ்லயும் அப்பவே கையெழுத்து போடறேன். இல்லன்னா பதினெட்டாம் தேதி பதினாலுன்னு எழுதித்தான் ஆகணும். எனக்கு வேற வழி தெரியல."

நியாயமான பேச்சு. எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை.

6

பன்சித் தின்றவர்கள் பதினோரு பேர். டப்பாக்கள் பத்து.

எண்ணிக்கொண்டு வந்த வாசகர் இந்நேரம் என்னைப் பிடித்திருப்பார்.

நானும் அங்கே இருந்தேன். நெனித்தா ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்து இழுக்காத குறை. "நீங்க வாங்க மானாங். உங்களுக்கென்ன டியூட்டியா, வரிசையா? நீங்க எவ்ளோ வேணா தின்னலாம்." எல்லாரையும்போலத் தொட்டியில் கை கழுவினேன். எல்லாரையும்விட நன்றாகவே கழுவினேன், ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று. தின்றேன். தின்றபிறகு மறுபடி கழுவினேன். அறுவைப் பிரிவுக்குத் திரும்பினேன். ரே தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் முதியவர் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அவருடைய துணை, மருந்துக்கு ஓடியிருந்தாள். பழத்தை வாங்கித் தோல் உரித்தேன். சுளை சுளையாகப் பிரித்து, மேல்நார்கூட இல்லாமல் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

ரேயோடு நான் வீட்டுக்கு வந்தது இரண்டாம் தேதி. அதற்கு முந்தின நாள்தான் எட்டாவது கட்டிலுக்குக் காய்ச்சல்.

நேற்று மத்தியானம் நெனித்தாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"மானாங், சாப்ட்டாச்சா? ஐயா எப்படி இருக்கார்? உங்களுக்கும் ஒரு டப்பா எடுத்து வெச்சிருக்கேன். வெக்கப்படாதீங்க, டாக்டரே குடுத்துட்டார்."

நான் பதில் போடவில்லை. அதற்குப் பதிலாக மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் எழுதினேன்.

வெட்கம்தான் காரணம் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், கையில் அப்படியொரு டப்பாவை வைத்துக்கொண்டு, ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் பதினாறு பேருக்கு நடுவே முட்டி இடிக்க உட்கார்ந்து போவது எப்படி? நல்ல காரணம், சிரிப்பாகவும் இருக்கிறது. இந்தக் கதை முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

உண்மையில் நான் பயப்படுவது அந்த ஆரஞ்சுப் பழத்துக்கு. என் பத்தியிலும் அதே கோடுகள் நின்றால் கெர்லி தப்பிவிடுவாள். ஆனால் எட்டாவது கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்து நின்றுவிடும். அந்தப் படத்தில் அம்புக்குறி கிடையாது என்று பக்கம் பக்கமாக உங்களுக்கு விளக்கினேன். எனக்கு நானே விளக்கிக்கொள்ள முடியவில்லை. முதியவரிடமிருந்து எனக்கு வந்திருக்கலாம். வேறு யாரிடமிருந்தாவது இருவருக்கும் வந்திருக்கலாம். இருக்கலாம்தான். அந்தச் சுளைகளின் ஈரம் என் விரலில் இன்னும் தெரிகிறது.

கெர்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் இதைத்தானே. அவள் தன் கேள்வியை ஒரு மனுஷியிடம் நேராகப் போய்க் கேட்டாள். நான் அதைச் சுற்றி ஒரு கதை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரே எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்குப் பதில் போட்டியா?"

"எழுதிட்டிருக்கேன்."

"அவளுக்கா?"

"இல்ல, கதை."

"கதையை டப்பாவில போட்டுக் குடுன்னு யாராவது கேட்டாங்களா?"

வயிற்றில் தையல் போட்ட மனிதர் என்பதால் விட்டுவிட்டேன்.

7

முடிவுகள்:

(அ) என் டப்பாவிலும் அதே முகம். டாக்டர் தாலெயோன் சொன்ன சொல் தவறாமல் 'யாரிடமிருந்து' கட்டத்தில் அந்த அறையை எழுதுகிறார். தொட்டியைப் பெயர்த்து எடுக்கிறார்கள். கெர்லி இருபத்துமூன்று கிலோவோடு பறக்கிறாள். நான் எட்டாவது கட்டிலைப் பார்க்கப் போகிறேன். அங்கே போய் என்ன சொல்வேன் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் பேசுகிறவள் நான் இல்லை, யாரோ நன்றாகப் பேசத் தெரிந்தவள்.

(ஆ) என் டப்பா சுத்தம். எனக்கு நிம்மதி. கெர்லிக்கு எதுவும் இல்லை. பதினாலு.

(இ) நான் போகவே இல்லை. பதினோராவது டப்பா மேசையில் காலியாக இருக்கிறது. எல்லாம் மூட்டமாக, அழகாக முடிகிறது. எனக்குப் பிடித்த முடிவு இதுதான். விமர்சகர்களுக்கும் பிடிக்கும். இதை இரண்டு முறை திருத்தி எழுதினேன், கடைசி வரி மிக நன்றாக வந்திருக்

[இந்த வரியின் நடுவில் எழுந்து போய்விட்டேன். ஏன் என்பதைக் கண்ணியத்தை முன்னிட்டுச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் ரே நேற்றே ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார், என்னிடம் சொல்லாமல்.]

8

இன்று பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை. பரிசோதனைக் கூட ஜன்னல் பதினொன்றரைக்கு மூடிவிடும். மறுபடி திறப்பது திங்கட்கிழமை. கிருமி முளைக்க இரண்டு நாள், நறுக்கி ஓட்டிப் படம் எடுக்க மூன்று நாள். இன்று கொடுத்தால் பதினெட்டு. திங்கட்கிழமை கொடுத்தால் இருபது. கெர்லியின் விமானம் பத்தொன்பது.

இப்போது மணி ஒன்பதே முக்கால். ஜீப்னி இரண்டு மாற வேண்டும்.

டப்பா தயார். அதை ஒரு துணியில் சுற்றி, அதன்மேல் ஒரு பை, அதன்மேல் இன்னொரு பை. இதற்குமேல் வர்ணிக்க மாட்டேன், எனக்கும் சில கொள்கைகள் உண்டு.

"வர்றேன்" என்று நெனித்தாவுக்கு ஒரு வார்த்தை அனுப்பினேன். இரண்டு பக்கம் எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. உடனே பதில் வந்தது.

"வாங்க மானாங், மெதுவா வாங்க. கெர்லி ஏழு மணியிலேர்ந்து ஜன்னல்கிட்டதான் உக்காந்திருக்கா. டியூட்டி இல்ல, வீட்டுக்குப் போடின்னா போக மாட்டேங்கறா. அந்த அக்கா வருவாங்களான்னு கேட்டா. தெரியலடின்னு சொன்னேன்."

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். பதினெட்டாம் தேதி வரப்போகும் படத்தில் பதினோராவது பத்தியில் என்ன தெரிந்தது, யாருக்கு யாரிடமிருந்து என்று யார் எழுதினார்கள், எட்டாவது கட்டிலில் நான் என்ன பேசினேன் என்பதையெல்லாம் நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். வேண்டிய மட்டும் இடம் விட்டிருக்கிறேன். நான் எழுத உட்கார்ந்தால் ஜன்னல் மூடிவிடும்.